நம்ம பக்கத்துக்கு ஒரு பெரிய நூலகம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, வட சென்னையில ஒரு பெரிய பொது நூலகம் கட்டுறாங்கன்னு வெச்சுக்குங்க, அந்தக் கட்டடம் எப்படி இருக்கணும், உங்க மனசுல என்ன இருக்குன்னு கேட்டிருந்தேன். ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் கடுதாசி, வாட்ஸ்ஆப், வாய்ஸ் மெசேஜ்னு வந்து குவிஞ்சிருச்சு, எல்லாத்துக்கும் எடம் பத்தாது, அதனால ஒரே விஷயத்தைக் கேட்டவங்களைச் சேர்த்துப் பதில் சொல்றேன்.

"கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்குப் பசங்களைக் கூட்டிட்டுப் போனேன், வாயைப் பொளந்துட்டு நின்னாங்க. நம்ம பக்கமும் அதே மாதிரி கண்ணாடி கட்டடமா ஒண்ணு வந்தாத்தானே சார் நமக்கும் ஒரு கெத்து?"
(தண்டையார்பேட்டை வாசகர்)

கெத்து கண்டிப்பா வேணும், அதுல எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்ல. சென்னையில பெரிய நூலகம்னு விரல் விட்டு எண்ணுங்களேன், 1896ல தொறந்த கன்னிமாரா எழும்பூர்ல, மாவட்ட மைய நூலகமான தேவநேயப் பாவாணர் நூலகம் அண்ணா சாலையில, உ.வே.சா. நூலகம் பெசன்ட் நகர்ல, ரோஜா முத்தையா தரமணியில, அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்துல. எல்லாமே சென்ட்ரல் ஸ்டேஷனுக்குத் தெக்கால. லிங்கிச் செட்டித் தெருவுல மறைமலை அடிகள் நூலகம்னு ஒண்ணு இருந்துச்சு, அதுவும் கன்னிமாரா வளாகத்துக்குப் போயிருச்சு. நமக்குக் கிளை நூலகங்கள் இருக்கு, அதுல உக்காந்து படிச்சு மேல வந்தவங்க எத்தனையோ பேர், ஆனா ஒரு நாள் பூரா உக்கார்ற மாதிரி பெரிய எடம்னு ஒண்ணு இல்ல, இதை நான் கோவமாவேதான் சொல்றேன்.

ஆனா அண்ணா நூலகத்துலேர்ந்து எதை எடுத்துக்கணும்ங்கறதுதான் விஷயம். 2010 செப்டம்பர் 15ல தொறந்தாங்க, 8 ஏக்கர் நெலம், 9 தளம், 12 லட்சம் புத்தகம் வைக்கிற கொள்ளளவு, பசுமைக் கட்டடம்னு லீட் கோல்ட் சான்றிதழும் வாங்கியிருக்கு. எல்லாரும் போட்டோ எடுக்குறது முன்னாடி இருக்குற கண்ணாடியை. எனக்குப் புடிச்சது வேற, பிரெயில் பிரிவைத் தரைத்தளத்துலயே வெச்சது, கொழந்தைங்க பிரிவுக்கு ஒரு மாடியை ஒதுக்குனது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டாந்து படிக்கிறவங்களுக்குன்னு தனியா எடம் விட்டது. யார் வருவாங்க, அவங்க எங்க நுழைவாங்க, எவ்ளோ தூரம் நடப்பாங்கன்னு யோசிச்சு வரைஞ்ச பிளான் அது.

இப்ப கண்ணாடிக்கு வரேன். அமெரிக்காவுல சியாட்டில்ல 2004ல தொறந்த, ரெம் கூல்ஹாஸ்ங்கற கட்டடக் கலைஞரோட குழு வரைஞ்ச மைய நூலகம் ரொம்பப் பேமஸ், 11 மாடி, இரும்புப் பின்னலும் கண்ணாடியும் போத்துன மாதிரி இருக்கும், வருஷத்துல பாதி நாள் மேகம் மூடிக் கெடக்குற ஊரு அது, அங்க வெளிச்சத்தை உள்ள கூப்பிடணும், அதனால கண்ணாடி. நம்ம ஊர்ல வெயிலை வெளியில நிறுத்தி வெளிச்சத்தை மட்டும் உள்ள விடணும், அது வேற கணக்கு. மேக்க பாத்த கண்ணாடிச் சுவர் சென்னையில மத்தியானம் ரெண்டு மணிலேர்ந்து அஞ்சரை வரைக்கும் அடுப்பு, ஏசி போட்டுப் போட்டு கரண்ட் பில்லு ஏறும், அப்புறம் ஒருநாள் சிக்கனம் பண்றேன்னு ஏசியை நிறுத்துவாங்க, அன்னிக்கு உள்ள ஒரு மனுசன் உக்கார முடியாது.

கட்டடத்தைக் கெழக்கு மேக்கா நீளமாப் போட்டு, வடக்கயும் தெக்கயும் பெரிய ஜன்னல் வெச்சா பாதி வேலை முடிஞ்சுது. இதுல பலரும் கவனிக்காத ஒண்ணு, சென்னை 13 டிகிரி அட்சரேகையில இருக்கறதால ஏப்ரல் கடைசிலேர்ந்து ஆகஸ்ட் நடுவுல வரைக்கும் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கால சாஞ்சுதான் போகும், அக்னி நட்சத்திர வெயில் வடக்கு ஜன்னல்லயும் எட்டிப் பாக்கும், அதனால வடக்குன்னா நிழல்னு நெனச்சு சன்ஷேடு இல்லாம விட்றக் கூடாது. மேக்குப் பக்கம் படிக்கட்டு, லிப்ட், கழிவறை, ஸ்டோர் ரூம் இதையெல்லாம் அடுக்கிட்டா அதுங்களே வெயிலை வாங்கிக்கும், படிக்கிற ஹாலுக்கு வராது. கெழக்கால கடல் இருக்கு, மத்தியானத்துக்கு மேல கடக்காத்து ஏறும், அந்தப் பக்கம் செங்கல் ஜாலி, அதாவது காத்துப் போக ஓட்டை விட்டுக் கட்டுன சுவர், வெச்ச வராண்டா விட்டீங்கன்னா பேப்பர் படிக்கிற எடத்துக்கு ஏசியே வேணாம். இப்படி ஒரு கட்டடம் வந்தா அதுதான் நமக்குக் கெத்து, கோட்டூர்புரத்துக்காரங்க இங்க பாக்க வருவாங்க.

"நான் வியாசர்பாடி, டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன். வீடு ஒரே ரூம், அஞ்சு பேர். நூலகத்துக்குப் போனா என் புத்தகத்தை வெச்சுப் படிக்கக் கூடாது, நூலகப் புத்தகம்தான் படிக்கணும்ங்கறாங்க. நான் பண்றது தப்பா அண்ணா?"
(கல்லூரி முடிச்ச வாசகி)

தப்பே இல்லம்மா. உன்னை மாதிரி ஆளுக்குத்தான் முதல்ல நூலகம் கட்டணும். வீட்ல டேபிள் இல்லாதவங்களுக்கு நாலடிக்கு ரெண்டடி டேபிளும், தலைக்கு மேல லைட்டும், சார்ஜ் போட ஒரு பிளக்கும் அரசாங்கம் குடுக்குற எவ்வளவோ விஷயத்தைவிடப் பெருசு. அங்க எடமும் நாற்காலியும் பத்தாம அப்படிச் சொல்லியிருப்பாங்க, நூலகரைக் கோவிச்சுக்காத, ஒரே ஹாலுக்குள்ள பேப்பர் படிக்கிற பெரியவங்க, இரவல் வாங்க வர்றவங்க, பரீட்சைக்குப் படிக்கிறவங்க மூணு பேரையும் அடைச்சா அவங்க யாரைத்தான் எழுப்புவாங்க. பிளான் போடும்போதே பிரிக்கலைன்னா அப்புறம் ஆளுங்களுக்குள்ள சண்டையாத்தான் முடியும்.

கொளத்தூர்ல 2024 நவம்பர்ல முதல்வர் படைப்பகம்னு தொறந்தாங்களே, போய்ப் பாத்திருக்கியா? கீழ லேப்டாப் வெச்சு வேலை பாக்கறவங்களுக்கு எடம், மேல படிக்கிறவங்களுக்கு எடம், அதுக்கும் மேல சாப்பிட எடம். கட்டடம் சின்னதுதான். ஆனா அந்தச் சாப்பிட எடம் இருக்கு பாரு, அதை யோசிச்சவங்களுக்கு ஒரு கும்பிடு. டிபன் பாக்ஸ் எடுத்துட்டு வர்ற பொண்ணு அதை எங்க தொறப்பா? மரத்தடியில, இல்லன்னா படிக்கட்டுல, மழை பேஞ்சா அதுவும் இல்ல. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனா திரும்ப வர முடியாது, வீட்டு வேலை புடிச்சு இழுத்துக்கும்.

அதே மாதிரிதான் கழிவறை. பொம்பளப் புள்ளைங்க தண்ணியே குடிக்காம காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் படிக்கிறாங்கன்னு இந்த ஒரு இதழுக்கு வந்த கடுதாசிலயே பல பேர் எழுதியிருக்காங்க, படிச்சிட்டு மனசு ஆறல எனக்கு. ஒவ்வொரு தளத்துலயும் பெண்களுக்குக் கழிவறை, நாப்கின் போடற தொட்டி, தண்ணி வர்ற குழாய், உள்ள தாழ்ப்பாள், பை மாட்ட ஒரு கொக்கி. ராத்திரி எட்டு மணிக்கு வெளிய வந்தா வாசல்லேர்ந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் விளக்கு. டிசைன்னு நான் சொல்றதுல இதெல்லாம்தான் முதல் பக்கம், முகப்பு கடைசிப் பக்கம்.

டேபிளுக்கு 300 லக்ஸுக்குக் கொறையாம வெளிச்சம் வரணும் (லக்ஸ்ங்கறது வெளிச்சத்தை அளக்கற அளவு), ஹாலுக்கு நடுவுல நாலு டியூப்லைட் மாட்டிட்டா ஓரத்துல உக்கார்றவங்க கண்ணு கெட்டுரும், லைட்டை டேபிள் வரிசைக்குத்தான் போடணும். நல்லாப் படிம்மா, பாஸ் பண்ணிட்டு எழுது.

"சீனாவுல தரையிலேர்ந்து கூரை வரைக்கும் அலை மாதிரி புத்தக அலமாரி இருக்குற நூலகம்னு ஒரு படம் வந்துச்சு, நெசமா, கிராபிக்ஸா?"
(பெரம்பூர் வாசகர்)

கட்டடம் நெசம். தியான்ஜின் பின்ஹாய் நூலகம், 2017ல தொறந்தது, எம்.வி.ஆர்.டி.வி.ங்கற நெதர்லாந்து குழு வரைஞ்சது. மேல்வரிசையில தெரியற புத்தகங்கள் நிறைய வெறும் அச்சடிச்ச படம், தகடு மேல ஒட்டுனது. மேல் அலமாரிக்குப் பின்பக்கமா ஆள் போய் வர்ற வழி முதல் பிளான்ல இருந்துச்சு, அவசர அவசரமாக் கட்டுனதுல அது போயிருச்சு. கை எட்டாத ஒசரத்துல அலமாரி வைக்காதீங்க, நம்ம ஊர்ல மேல்தட்டுல தூசியும் பூச்சியும்தான் குடியிருக்கும்.

"திருவொற்றியூர் பக்கம் ராத்திரி பகலா கண்டெய்னர் லாரி ஓடுது, ஹாரன் சத்தத்துல பேப்பர் கூடப் படிக்க முடியாது. இங்க எப்படிய்யா நூலகம் கட்டுவீங்க? எனக்கு முட்டி வலி வேற, மாடி ஏற முடியாது."
(துறைமுகத்துல வேலை பாத்து ஓய்வு பெற்ற பெரியவர்)

ஐயா, ரெண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரு நல்ல உதாரணம் இருக்கு. லண்டன்ல பெக்கம்னு ஒரு ஏரியா, ஏழை பாழைங்க, வெளிநாட்டுலேர்ந்து பொழைக்க வந்தவங்க நிறைய இருக்குற எடம், நம்ம பக்கத்தை எப்படிப் பேசுவாங்களோ அப்படித்தான் அந்த ஏரியாவையும் பேசுவாங்க. அங்க வில் ஆல்சப்னு ஒருத்தர் வரைஞ்ச நூலகத்தை 2000ல தொறந்தாங்க, கட்டடக் கலைக்கு பிரிட்டன்ல குடுக்குற ஸ்டெர்லிங் பரிசு அந்த வருஷம் அந்தக் கட்டடத்துக்குத்தான். படிக்கிற ஹாலைத் தூக்கி மேல வெச்சுட்டாரு, சாஞ்ச தூண்கள் அதைத் தாங்கும், தெருச் சத்தம் மேல போறதுக்குள்ள அடங்கிரும், கீழ மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கற மாதிரி ஊருக்கே ஒரு திண்ணை கெடைச்சுது.

நமக்கு அதுல இன்னொரு லாபம் இருக்கு, வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பட்ட பாடு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, வீட்டுக்குள்ள தண்ணியோட எண்ணெயும் வந்துச்சு. கீழ்த்தளத்துல புத்தகம் வெச்ச நூலகம் ஒரே ராத்திரியில காலி. அதனால கட்டடம் தூண் மேல நிக்கட்டும், புத்தகம் மேல இருக்கட்டும்.

ஆனா உங்க முட்டி? அதுக்குத்தான் தெரு மட்டத்துலேர்ந்து மூணடி நாலடி ஏத்தி ஒரு சின்ன தளம், அதுல நாளிதழ், வார இதழ், கை வெச்ச நாற்காலி, குடிதண்ணி, கழிவறை. போறதுக்கு 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏத்தம்ங்கற கணக்குல சாய்தளம், மூணடி ஒசரம்னா 36 அடி வேணும், நடுவுல நின்னு மூச்சு வாங்க சமதளமும் வேணும். நிறைய எடத்துல கடமைக்குன்னு செங்குத்தா ஒரு சாய்தளம் போட்டு வெச்சிருக்காங்க, அதுல வீல்சேர் என்ன, சைக்கிளே ஏறாது. லிப்ட் ரிப்பேர் ஆனாலும் பேப்பர் படிக்க வர்ற பெரியவங்களுக்கு அன்னாட வழக்கம் நிக்கக் கூடாது, அதனாலதான் அந்தப் பிரிவு மட்டும் கண்டிப்பாக் கீழ.

லாரிச் சத்தத்துக்கு, ரோட்டுப் பக்கம் ஹாலோட ஜன்னலை வைக்காம அரங்கம், ஆபீஸ், படிக்கட்டு இதுங்களை வைக்கணும், உள்ளுக்குள்ள ஒரு முற்றம் விட்டு ஜன்னலை அதுக்குத் தொறக்கணும். கனடாவுல கால்கரி நகரத்து நூலகம், 2018ல தொறந்தது, ரயில் பாதைக்கு மேலயே கட்டியிருக்காங்க, அடியில வண்டி போகுது மேல படிக்கிறாங்க. ரோடு இருக்கேன்னு யாரும் கை விரிக்க வேணாம்.

"காசிமேடு. என் ரெண்டு வாண்டும் சத்தம் போடும், நூலகத்துல தொரத்தி விட்றாங்க. சத்தம் போடாத கொழந்தைக்கு நான் எங்க போவேன்?"
(ஒரு அம்மா)

கொழந்தைங்க பிரிவு சத்தத்தை எதிர்பாத்தே கட்டணும்மா. தனி வாசல், தனி கூரை, சுவத்துலயும் கூரையிலயும் சத்தத்தை உறிஞ்சற பலகை, நடுவுல ரெண்டு கதவு. அலமாரி நாலடிக்கு மேல வேணாம், புத்தகத்தோட முதுகு தெரியாம அட்டை தெரியற மாதிரி வெக்கணும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத புள்ளை படத்தைப் பாத்துத்தான் புத்தகத்தை எடுக்கும். தரையில உக்கார்ற மாதிரி பாய் போட்ட எடம், தாய்ப்பால் குடுக்க ஒரு ரூம்.

டென்மார்க்ல ஆர்ஹுஸ் நகரத்துல டொக் 1னு ஒரு நூலகம் இருக்கு, துறைமுகத்து ஓரத்துல, 2015ல தொறந்தாங்க. உள்ள பெரிய வெண்கலக் குழாய் மணி ஒண்ணு தொங்குது. ஊரு ஆஸ்பத்திரியில கொழந்தை பொறந்தா பெத்தவங்க அங்கேர்ந்து ஒரு பட்டனை அமுக்கலாம், நூலகத்துல மணி அடிக்கும், படிச்சிட்டிருக்கறவங்க எல்லாம் தலை நிமிந்து பாப்பாங்களாம். நம்ம ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில எத்தனை புள்ளைங்க பொறக்குது, அந்த மணி இங்க இருந்தா நிக்காம அடிச்சிட்டே இருக்கும்னு நெனச்சு நெனச்சு சந்தோஷப்பட்டிருக்கேன்.

ஹெல்சின்கியில ஊடின்னு ஒண்ணு, 2018 டிசம்பர்ல பார்லிமென்ட்டுக்கு எதிர்லயே கட்டுனாங்க. மூணே மாடி. கீழ சினிமாவும் டீக்கடையும் மேடையும், நடு மாடியில தையல் மிஷின், முப்பரிமாண பிரிண்டர், பாட்டு ரெக்கார்ட் பண்ற ரூம், புத்தகம் மேல் மாடியில. நம்ம பக்கம் தையல் தெரிஞ்ச பொம்பளைங்க, கானா பாடற பசங்க, ஒரு மைக் கெடைச்சா போதும்னு இருக்கறவங்க எவ்ளோ பேரு. வலைக்குப் போறவங்க வீட்டுப் புள்ளைங்க புத்தகம் தேடி வருமான்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது, முதல்ல ரெக்கார்டிங் ரூமுக்கு வரட்டும், போற வழியில புத்தகம் இருக்கட்டும்.

"எங்க ஏரியாவுல பழைய கல்யாண மண்டபம் ஒண்ணு பூட்டிக் கெடக்கு. அதையே நூலகமா மாத்துனா செலவு மிச்சம் தானே?"
(கொருக்குப்பேட்டை வாசகர்)

படிக்கிற ஹாலா மாத்தலாம், புத்தகக் கிடங்கா மாத்தறதுக்கு முன்னாடி ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர் கையெழுத்து வேணும். வீட்டுத் தளத்தை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ தாங்கற மாதிரி டிசைன் பண்ணுவாங்க, புத்தகம் அடுக்கற ரூமுக்கு கட்டடம் எவ்ளோ கனம் தாங்கணும்னு சொல்ற இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 கணக்குப்படி 600 கிலோ, அலமாரி ஏழடிக்கு மேல போனா இன்னும் கூட. காகிதம் அவ்ளோ கனம். மாடியில அடுக்கிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு பீம்ல விரிசல் பாத்து ஓட வேணாம். கடல்லேர்ந்து உப்புக்காத்து வேற, பழைய கட்டடத்துல கம்பி துருப்புடிச்சு கான்கிரீட் உதிருதான்னு தட்டிப் பாக்கணும். புதுசாக் கட்டுனாலும் வெளிய தெரியற இரும்பைக் கொறைங்க, நம்ம கடற்கரையில அதுக்குப் பெயின்ட் அடிச்சு மாளாது.

"இதுக்கெல்லாம் காசு?"
(மணலி வாசகர்)

உங்க காசுதான். சீர்காழியில பொறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் விடாம முயற்சி பண்ணி, 1948ல மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்துச்சு, சுதந்திர இந்தியாவுல இந்த மாதிரி சட்டத்துல இதுதான் முதல். சொத்து வரியில ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியா உங்க ரசீதுல போகுது, வாடகைக்கு இருக்கறவங்களும் வாடகைக்குள்ள அதைக் கட்டிட்டுத்தான் இருக்காங்க. வட சென்னை வளர்ச்சித் திட்டம்னு 2024 மார்ச்ல ஆரம்பிச்சதும் இருக்கு. அதனால கேக்கறதுல கூச்சமே வேணாம்.

"ஏழைங்க ஏரியாவுல இவ்ளோ நல்லாக் கட்டுனா பாழாக்கிருவாங்கன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றாரு. என்ன பதில் சொல்றது?"
(எம்.கே.பி. நகர் வாசகி)

கொலம்பியாவுல மெதஜின்னு ஒரு நகரம், ஒரு காலத்துல கொலைக்கும் போதைக் கடத்தலுக்கும் பேர் போன ஊரு. அங்க மலைமேல இருக்குற ரொம்ப ஏழ்மையான குடியிருப்புக்கு முதல்ல கேபிள் கார் விட்டாங்க, அப்புறம் 2007ல அந்த உச்சியில மூணு கருப்புப் பாறை நிக்கிற மாதிரி ஒரு நூலகப் பூங்கா, ஜியான்கார்லோ மசான்டி வரைஞ்சது. ஊர் ஜனங்க அதைத் தங்களோடதா எடுத்துக்கிட்டாங்க, உலகம் பூரா போய்ப் பாத்துச்சு. ஆனா கட்டுமானத்துல கோளாறு, முகப்புல பிரச்சினை வந்து 2015ல மூடி, வருஷக்கணக்கா ரிப்பேர். பாத்தீங்களா, ஜனங்க பாழாக்கல. கட்டுன விதமும் பராமரிப்பும்தான் பாழாக்குச்சு. உங்க ஆபீஸ்காரர்கிட்ட இதை அப்படியே சொல்லுங்க.

எடம் தேடறதுலயும் மெதஜின்கிட்ட கத்துக்கலாம், முதல்ல வழி, அப்புறம் கட்டடம். நமக்கு மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் 2021ல வந்துருச்சு, ஆனா அது டி.எச். ரோடு பக்கம், வியாசர்பாடி, எம்.கே.பி. நகர்க்காரங்களுக்கு நடுவுல ரயில் பாதையும் பக்கிங்காம் கால்வாயும் குறுக்க கெடக்கு, மழை பேஞ்சா கணேசபுரம் சப்வே மூடிருவாங்க. அதனால ஒண்ணே ஒண்ணு பெருசாக் கட்டி நிறுத்திராம, மெட்ரோ பக்கம் ஒண்ணு, ரயில் பாதைக்கு மேக்கால ஒண்ணுன்னு ரெண்டாக் கேக்கலாம், ஒவ்வொண்ணும் பாதி அளவா இருந்தாலும் பரவால்ல, பத்து வயசுப் புள்ளை தனியா நடந்து வர முடியணும்.

"சரி, இப்ப நாங்க என்ன பண்ணணும்?"
(பல பேர்)

உங்க கிளை நூலகத்துல வாசகர் வட்டம் இருக்கும், இல்லன்னா நூலகரைக் கேட்டு ஆரம்பிங்க. அது மூலமா மாவட்ட நூலக அலுவலருக்கும் உங்க கவுன்சிலருக்கும் மனு குடுங்க. "பெரிய நூலகம் வேணும்"னு ஒத்தை வரியில எழுதாதீங்க, அதை ஃபைல்ல வெச்சுட்டுப் போயிருவாங்க. எத்தனை மணி வரைக்கும் தொறந்திருக்கணும், பெண்களுக்கு எத்தனை கழிவறை, சாப்பிட எடம், சாய்தளம், புத்தகம் எந்த மட்டத்துக்கு மேல, மேக்குச் சுவத்துல என்ன, முதல் 10 வருஷத்துக்குப் பராமரிப்புக் காசு எங்கேர்ந்து, இதையெல்லாம் தனித்தனியா எழுதுங்க. பிளான் வந்தா மக்கள் பார்வைக்கு வைக்கணும்னும் எழுதுங்க.

அடுத்த இதழுக்கு நூலகர்கள் கிட்டேர்ந்து கடுதாசி எதிர்பாக்குறேன். கட்டடத்துல உங்களுக்கு எது கஷ்டம், எந்த ஜன்னல் ஒழுகுது, எந்த அலமாரியில கரையான், பேர் போடாம எழுதுங்க, போதும். கடைசித் தேதி 20.